கூடம் கோணலா?

ஆடமாட்டாதவள் கூடம் கோணலென்றாள் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தொழிலிற் குறைபட்டவர் தம் குறையைக் கருவியின் மேலும் களத்தின் மேலும் ஏற்றிவிடுவர் என்பது அதன் பொருள். இப்பழமொழியைச் சொல்பவர் யார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்று நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஆடுபவள் தன்னைக் குறித்து இதனைச் சொல்வதில்லை. ஆட்டத்தைப் பார்த்திருப்பவரும் கூடத்துக்கு உடையவருமே சொல்கின்றனர். கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பின் யாது செய்வது என்ற வினாவுக்குப் பழமொழியில் இடமில்லை. உழைப்பவருக்கும் அவருடைய கருவிக்கும் இடையேயுள்ள உறவில் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்னும் இவ்வினாவை, இக்காலத்துக்கே உரிய ஒரு தொழிலை வைத்து ஆராய முற்படுகிறோம்.

கணினிக்குச் செய்நிரல் எழுதுவதே அத்தொழில். பொறி அறிவது மின்னோட்டத்தின் இரு நிலைகளை மட்டுமே. மனிதர் தாம் கருதியதை அவ்விரு நிலைகளால் நேரே எழுதுவது பெருந்தொல்லை. ஆகவே மனிதர் எழுதவும் படிக்கவும் தக்க மொழிகள் ஆக்கப்பட்டன. அவற்றில் எழுதியதைத் தொகுப்பி எனப்படும் மற்றொரு செய்நிரல் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. 1957இல் ஐ.பி.எம். கம்பனி போர்ட்ரானை வெளியிட்டது. 1959இல் கோபோலை வகுக்கும் பணி தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி சீ மொழியை ஆக்கினார். பைதன் 1991இலும், யாவாவும் யாவாஸ்கிரிப்டும் 1995இலும் வெளிவந்தன. றஸ்ட் மொழியின் முதலாவது நிலையான பதிப்பு 2015இல் வந்தது. இவற்றுள் எது சிறந்தது என்பதைப் பற்றி இவற்றால் வயிறு வளர்ப்போர் ஓயாது வாதிட்டு வருகின்றனர்.

வெளியே நின்று கேட்பவருக்கு இது இலக்கணப் புலவரின் பூசல் போலத் தோன்றலாம். கூர்ந்து கேட்போமாயின், அவர்கள் ஒப்பிடுவது மொழிகளை மட்டுமன்று, தம் வேலை நாட்களையுமே என்பது புலனாகும். சீயில் எழுதியது விரைந்து ஓடும், ஆனால் ஒரு வழுவைத் தேடுவதில் மூன்று நாள் கழிந்துவிடும் என்கிறார் ஒருவர். பைதனிற் காலையில் எண்ணியதை மாலையில் இயக்கிக் காட்டலாம், ஆனால் பத்துப்பேர் கூடி ஐந்தாண்டாக எழுதியதில் எது எங்கே முறியுமென்று இயக்கும்வரை தெரியாது என்கிறார் வேறொருவர். யாவாவில் ஒரு வரிச் செய்தியைப் பத்து வரியிற் சொல்ல நேர்கிறது, எனினும் வேலையை விட்டுப் போனவர் எழுதியதைப் புதிதாக வந்தவர் படித்து விளங்கிக்கொள்ளலாம் என்பது மூன்றாமவர் கூற்று. நேரம், களைப்பு, நள்ளிரவில் அழைப்பு வருமோ என்ற அச்சம், செம்மையாகச் செய்து முடித்த வேலையில் உண்டாகும் பெருமிதம் ஆகிய யாவும் இவ்வொப்பீட்டினுள் அடங்கியுள்ளன. கருவியைப் பற்றிப் பேசும் தச்சரும் கொல்லரும் இவ்வாறே பேசுவர். இது மதிக்கத்தக்க பேச்சு.

இவ்வாதங்களைத் தொகுத்து நோக்கினால் இரண்டு நிலைப்பாடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மொழியில் ஒன்றுமில்லை, எழுதுபவர் திறமையே யாவும் என்பது முதலாவது. மொழியே மனத்தை உருவாக்குகிறது, ஆகவே நல்ல மொழி நல்ல வேலையைத் தரும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது நிலைப்பாட்டுக்குக் கணிதத்தின் ஆதரவும் உண்டு. 1936இல் அலன் ரியூறிங் எழுதிய ஆய்வினின்றும் வளர்ந்த கொள்கையின்படி, இம்மொழிகளுள் ஒன்றிற் கணிக்கக்கூடிய எதனையும் மற்றொன்றிலும் கணிக்கலாம். கோட்பாட்டளவில் அவை யாவும் சமம். ஆனால் கோட்பாட்டில் ஓர் ஊருக்கு நடந்தும் போகலாம், புகைவண்டியிலும் போகலாம். போய்ச்சேர முடியுமா என்ற வினா ஒன்று. போகிறவர் என்ன விலை கொடுக்கிறார், எத்தனைபேர் வழியில் விழுகின்றனர் என்ற வினா வேறு.

சீ மொழியை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தின் எந்தப் பகுதியையும் எழுதுபவர் நேரே தொட அது இடந்தருகிறது. பத்து அறைகளை ஒதுக்கிவிட்டுப் பதினோராவது அறையைத் தொட்டால் மொழி தடுப்பதில்லை. இச்சுதந்திரத்தின் விளைவை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகம் கண்டது. இணையத்தில் இரகசியமாகச் செய்தி பரிமாறுவதற்கு எண்ணற்ற நிறுவனங்கள் பயன்படுத்திய ஓபின் எஸ்.எஸ்.எல். என்னும் செய்நிரலில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட வழு வெளிப்பட்டது. ஒருவர் ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவென்று கூறி, அதையே திருப்பி அனுப்பும்படி கேட்கலாம். பொறியோ கூறப்பட்ட நீளம் உண்மையா என்று சரிபாராமல் அனுப்பிவிடும். நான்கெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு அறுபதினாயிரம் எழுத்தென்று பொய் சொன்னால், நினைவகத்தில் அருகே கிடந்த பிறருடைய கடவுச்சொற்களும் சேர்ந்து வெளியேறும். ஏறத்தாழ இரண்டாண்டு காலம் இது எவர் கண்ணிலும் படவில்லை.

இதைச் செய்தவர் மடையரல்லர். அச்செய்நிரலைப் பேணி வந்தோர் மிகச் சிலர். அவர்களுக்குக் கிடைத்த நன்கொடையோ அற்பம். அதன் மேல் நின்று வணிகம் நடத்தியவை உலகின் பெருங் கம்பனிகள். வழு வெளிப்பட்ட பின்னரே அக்கம்பனிகள் சில ஒன்றுகூடிப் பணம் ஒதுக்கின. மேலும் இது தனித்த நிகழ்ச்சியன்று. தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் எழுந்தவை என்று மைக்ரோசொப்ட் கம்பனி 2019இல் அறிவித்தது. கூகிளின் குரோம் உலாவியைப் பேணுவோரும் 2020இல் ஏறத்தாழ இதே அளவையே கூறினர். மிக உயர்ந்த சம்பளமும் மிகச் சிறந்த பயிற்சியும் பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குழியில் விழுவார்களாயின், விழுந்தவரின் கண்ணைப் பழிப்பது அறிவுடைமையாகாது. அங்கே குழி இருக்கிறது என்பதே உண்மை. கூடம் கோணல்தான்.

தொழிலாளர் வரலாறு அறிந்தோருக்கு இது புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் பஞ்சாலைகளிற் சுழலும் தண்டுகளிலும் பற்சில்லுகளிலும் சிக்கிக் கை இழந்தோரைக் கவனமற்றவர் என்று கூறி உடைமையாளர் கைகழுவிய காலம் ஒன்றிருந்தது. 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பொறிகளுக்கு வேலியிட வேண்டும் என்று விதித்தது. உடைமையாளர் பலர் அதன் பின்னரும் நெடுநாள் அதனை எதிர்த்தனர். கவனம் என்பது மனிதப் பண்பு. அது காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. களைத்த மனிதரும் உயிர் தப்பவேண்டும் என்பதே வேலியின் தத்துவம். நினைவகத்தைத் தவறாகத் தொடும் செய்நிரலைத் தொகுக்க மறுக்கும் றஸ்ட் போன்ற மொழிகளை இத்தகைய வேலிகளாகவே நாம் காண்கிறோம்.

இவ்விடத்தில் இரண்டாவது நிலைப்பாட்டினர் மகிழ்ச்சியடையக்கூடும். நல்ல மொழியைத் தேர்ந்தால் யாவும் நலமாகும் என்று அவர்கள் கூறவில்லையா? ஆனால் அவர்கள் மகிழ்ச்சியும் நீடிப்பதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் பெருஞ்செலவில் ஆக்குவித்த மொழி ஏடா. பிழைகளைத் தொகுக்கும் வேளையிலும் இயங்கும் வேளையிலும் பிடிப்பதற்கென்றே அது வகுக்கப்பட்டது. அம்மொழியில் எழுதிய செய்நிரலைத் தாங்கி 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் புறப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 உந்துகணை, 40 வினாடிக்குள் வானிலே சிதறிற்று. ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துள் அடக்க முயன்றதே உடனடிக் காரணம். ஏடா அப்பிழையைக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. அதனை ஏற்றுச் சமாளிக்கும் பகுதி எழுதப்பட்டிருக்கவில்லை. கணினியின் வேலைப்பளுவை ஒரு வரம்புக்குள் வைக்கவேண்டும் என்பதற்காகச் சில எண்களுக்கு மட்டும் பாதுகாப்பளித்து, ஏனையவற்றை விட்டுவிடுவதென்று அறிந்தே முடிவு செய்யப்பட்டது. முந்திய ஏரியன் 4க்கு அது போதுமாயிருந்தது. புதிய உந்துகணையின் வேறுபட்ட பறப்புப் பாதையை வைத்து அப்பகுதி சோதிக்கப்படவே இல்லை. வேலி இருந்தது. வேலியின் கதவைத் திறந்து வைத்தது மனிதர் முடிவு.

இதனினும் துயரமான எடுத்துக்காட்டு பிரித்தானியாவின் அஞ்சல் அலுவலகத்தில் நிகழ்ந்தது. ஹொரைசன் என்ற கணக்கு முறைமை அங்கு 1999 முதற் புகுத்தப்பட்டது. அதன் வழுக்களால் இல்லாத பற்றாக்குறைகள் திரையிலே தோன்றின. கிளை அஞ்சலகங்களை நடத்திய எளிய மனிதர் கள்வரென்று குற்றஞ்சாட்டப்பட்டனர். 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். சிலர் சிறை சென்றனர், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2019இல் உயர் நீதிமன்றம் முறைமையின் குறைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2024இற் பாராளுமன்றம் சட்டமியற்றித் தண்டனைகளை நீக்கிற்று. எந்த மொழியில் எழுதியிருந்தால் இது நேர்ந்திராது என்று கேட்பது அற்பமான கேள்வி. வழுவில்லாத செய்நிரல் எங்குமில்லை. பொறி பொய் சொல்லாது, ஆகவே மனிதர்தாம் பொய் சொல்கின்றனர் என்று கொண்ட நிறுவனமும், கணினி சரியாக இயங்குவதாகவே அனுமானித்த சட்டமுமே வழுவைக் கொடுமையாக மாற்றின.

ஆகவே கூடம் கோணலாக இருக்கலாம் என்பதும் உண்மை, கூடத்தை நிமிர்த்தினால் மட்டும் ஆட்டம் நேர்ப்படாது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் இணைக்கும் வினா ஒன்று எஞ்சியுள்ளது. கூடத்தைக் கட்டியவர் யார், இதிலேதான் ஆடவேண்டும் என்று விதித்தவர் யார்?

மொழிகளின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது. போர்ட்ரானை ஆக்கிய குழுவின் தலைவர் ஜோன் பேக்கஸ், பொறிக்கு ஆகும் செலவுக்குக் குறையாத செலவு அதற்கு எழுதுவோருக்கும் ஆயிற்று என்பதைத் தம் முயற்சிக்குக் காரணமாகக் கூறியுள்ளார். கோபோலை வகுத்த கூட்டத்தை ஆதரித்தது பாதுகாப்புத் திணைக்களம். கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி முன்பு ஆக்கியிருந்த மொழி ஒன்று அதற்கு முக்கிய அடிப்படையாயிற்று. வெவ்வேறு கம்பனிகளின் பொறிகளில் ஒரே செய்நிரல் ஓடவேண்டும், ஆங்கிலச் சொற்களாற் கணக்குத் துறையினரும் அதைப் படிக்கவேண்டும் என்பன அதன் நோக்கங்கள். செலவும் ஆட்சியும் இவற்றின் பிறப்பிலேயே கலந்திருந்தன. இதனால் மொழிகள் இழிந்தனவாகிவிடா. பல கைகள் ஒன்றுகூடி வேலை செய்யும் வழியும் அவற்றாலேயே திறந்தது. ஆனால் அவை அறிவின் தூய படைப்புக்கள் என்று நினைப்பதற்கு இடமில்லை.

இதை மறந்தவிடத்து அறிஞரும் அநீதி இழைத்துள்ளனர். எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா இத்துறையின் பேரறிஞருள் ஒருவர். கோபோல் மனத்தை முடமாக்கும், அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்துப்பட 1975இல் அவர் எழுதினார். மொழியின் குறைகளை அவர் கண்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் வங்கிகளிலும் காப்புறுதி நிலையங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் அம்மொழியால் வாழ்ந்தோர் அதைத் தாமே தெரிந்தெடுத்தவரல்லர். நிறுவனம் பொறியை வாங்கிற்று, பொறியோடு மொழி வந்தது. 2020 ஏப்ரலில் கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்த பல்லாயிரவர் நியூ ஜேர்சியில் உதவிப்பணம் கேட்டு விண்ணப்பித்தபோது, பழைய முறைமைகள் திணறின. கோபோல் அறிந்த தொண்டர்கள் வேண்டுமென்று மாநில ஆளுநர் பகிரங்கமாகக் கேட்டார். பழி முழுவதும் மொழியின் முதுமையின் மேல் விழுந்தது. பல்லாண்டாக அம்முறைமைகளைப் புதுப்பிக்காது விட்டவர் யார், அவற்றைக் கட்டிக் காத்தவரின் இடத்துக்கு இளையோரைப் பயிற்றாது விட்டவர் யார் என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. ஒரு மொழியை இகழ்வது பல வேளைகளில் அம்மொழியால் உழைப்போரை இகழ்வதாகவும் முடிகிறது.

சீ, சீ பிளஸ் பிளஸ் ஆகியவற்றில் முப்பதாண்டு உழைத்தோரின் நிலையும் இன்று இதுவே. அபாயமான மொழிகளைக் கைவிடுமாறு 2022இலும் 2024இலும் அமெரிக்க அரசாங்க நிறுவனங்கள் பரிந்துரைத்தன. பரிந்துரை நியாயமானது என்பதே நம் கருத்து. ஆயினும் அதைக் கேட்டுச் சினங்கொள்ளும் முதிய தொழிலாளரைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடலாகாது. அவருடைய கையறிவு அவருடைய ஒரே சொத்து. கூடத்தை நிமிர்த்தும் செலவை யார் ஏற்பது என்பதே அவர் கேட்கும் கேள்வி. வேலை நேரத்திலே புதிய மொழியைக் கற்க இடமும் சம்பளமும் தரப்படுமா, அன்றி இரவில் தாமே கற்றுக்கொள்ளவேண்டும், இயலாவிடில் இளையவருக்கு இடம்விட வேண்டும் என்று சொல்லப்படுமா? கருவி மாறுவது முன்னேற்றமாக இருக்கலாம். அம்மாற்றத்தின் விலையை ஆகக் குறைந்த பலமுடையவர் தலையிற் சுமத்துவது முன்னேற்றமாகாது.

கருவியிடத்துக் கொள்ளும் அன்பும் உழைப்பவரைக் காப்பதில்லை. றஸ்ட் மொழியை வளர்த்த மொசில்லா நிறுவனம் 2020 ஓகஸ்டில் ஏறத்தாழ 250 பேரை வேலையினின்று நீக்கிற்று. அம்மொழிக்காக உழைத்தோர் சிலரும் அவர்களுள் அடங்குவர். யாவாவை ஆக்கிய சன் கம்பனியை 2010இல் ஒறக்கிள் கம்பனி வாங்கிற்று. அவ்வாண்டிலேயே கூகிள் கம்பனி மீது வழக்கும் தொடுத்தது. செய்நிரலர் நாள்தோறும் பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைகளின் அறிவிப்பு வரிகள் தன் உடைமை என்பது அதன் வாதங்களுள் ஒன்று. 2021இலேதான் உச்ச நீதிமன்றம் கூகிளின் பயன்பாடு நியாயமானதே எனத் தீர்த்தது. பத்தாண்டுக்கு மேலாக, ஒரு தொழிலின் அன்றாடச் சொற்களின் உரிமை இரண்டு பெருங் கம்பனிகளின் வழக்குரைஞர் கையில் இருந்தது.

இன்னுமொரு செய்தியை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும். தத்தம் மொழிகளின் பெயராற் செய்நிரலர் குழுக்குழுவாகப் பிரிந்து நின்று வாதிட்ட அதே காலத்தில், அவர்களை வேலைக்கமர்த்தியோர் ஒன்றுபட்டிருந்தனர். ஒருவரிடம் உள்ள தொழிலாளரை மற்றவர் அழைப்பதில்லை என்று அப்பிள், கூகிள், இன்டெல், அடோபி முதலிய கம்பனிகள் தமக்குள் உடன்படிக்கைகள் செய்திருந்தன. 2010இல் அமெரிக்க நீதித்துறை இதனை வெளிக்கொணர்ந்தது. ஏறத்தாழ 64,000 ஊழியர் சார்பில் நடந்த வழக்கு 2015இல் 41.5 கோடி டொலருக்கு இணக்கமாயிற்று. மொழி வாதத்தாற் சம்பளம் குறைந்தது என்று நாம் கூறவில்லை. எந்த மொழி கூடிய சம்பளம் தரும் என்று கணக்கிட்டோர், எந்த உடன்பாடு தம் சம்பளத்தைக் கட்டிவைத்தது என்பதை அறியாதிருந்தனர் என்றே கூறுகிறோம்.

இவை யாவற்றாலும் மொழிகளை ஒப்பிடுவது வீண் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அது போதாது என்பதே நம் முடிவு. விரைவு, எளிமை, அழகு, வேலைவாய்ப்பு ஆகிய அளவுகோல்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இம்மொழியிற் பிழை நேர்ந்தால் விழுபவர் யார், எழுதியவரா அல்லது அவர் ஒருபோதும் காணப்போகாத ஒருவரா? களைத்துப்போனவரையும் இது காக்குமா? நாளை இதைப் படித்துத் திருத்தவேண்டியவர் இதை விளங்கிக்கொள்வாரா? இதனைத் தெரிந்தவர் யார், அத்தெரிவில் எழுதுபவருக்குக் குரல் இருந்ததா? இக்கேள்விகளைக் கேட்கும் செய்நிரலர் வெறுங் கைவினைஞராக இராது, சமுதாயத்துக்குப் பொறுப்புள்ள மனிதராகிறார்.

இதில் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கூடம் கோணலாக இருக்கும்போது அதைக் கோணல் என்று சொல்வது உழைப்பவரின் உரிமை. அதன் பொருட்டு வேலை போகுமென்ற அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை வேண்டும். தனியொருவர் சொன்னால் அது திறமையின்மை எனப்படும். பலர் சேர்ந்து சொன்னால்தான் அது கோரிக்கையாகும். பழமொழி வாயடைக்கக்கூடியது தனியாளை மட்டுமே. கடமையோ மறுபுறம் உள்ளது. மொழி இடந்தந்தது, தொகுப்பி தடுக்கவில்லை, மேலாளர் அவசரப்படுத்தினார் என்று கூறித் தாம் அறிந்த வழுவை மறைப்பது அறமாகாது. அறியாத பிழைக்குக் கூடத்தைக் காட்டலாம். அறிந்தும் வாளாவிருந்ததற்குக் காட்டுவதற்கு எந்தக் கூடமுமில்லை. ஹொரைசன் வழக்கில் முறைமையின் குறைகளை அறிந்திருந்தோர் காத்த மௌனமே, சிறைக்கதவுகளை நெடுநாள் மூடி வைத்தது.

2022இன் பின்னர், மனிதர் தம் சொந்த மொழியிற் கேட்டவுடன் செய்நிரலை எழுதித்தரும் பொறிகள் பரவிவிட்டன. இனி மொழிகளை ஒப்பிடும் தேவையே அற்றுவிட்டதென்று சிலர் உரைக்கின்றனர். எழுதும் கை மாறலாம். வழுவின் விளைவைச் சுமப்பவர் மனிதராகவே இருக்கும்வரை, பொறுப்பேற்பவர் யார் என்ற வினா அற்றுப்போகாது. எழுதியவரே தாம் எழுதியதை முற்றும் படித்திராத நிலையில் அவ்வினா முன்னிலும் கூர்மையடைகிறது.

நமது க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். அவருட் பலர் நாளை இதனையே பிழைப்பாகக் கொள்வர். அவர்கள் எழுதும் வரிகள் கண்காணாத நாடுகளிற் கணக்கெழுதும், நோயாளருக்கு மருந்தளவு கூறும், வேலையிழந்தவரின் விண்ணப்பத்தை ஏற்கும் அல்லது தள்ளும். மொழியின் இலக்கணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்வரிகளின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையும் கற்பிக்க வேண்டும். எந்த மொழியையும் சாதிபோலப் பற்றவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். கூடத்தின் கோணலை அளக்கும் கண்ணும், அதை உரத்துச் சொல்லும் நாவும், தம் காலடியைத் தாமே திருத்தும் நேர்மையும் ஒருங்கே வாய்த்த தொழிலாளரை உருவாக்குவதே நம் பாடசாலைகளின் பணியாகும்.